வாதத்தின் அடிநிலை: அருத்தாபத்தியும் எடுகோளும்

அறிந்த பொருளைத் துணையாகக் கொண்டு அறியாத பொருளைத் துணிதற்கு மேற்கொள்ளும் சொன்முறையே வாதம் எனப்படும். எவ்வாதமும் வெற்றிடத்திற் பிறப்பதில்லை. ஏதேனும் ஒன்று கொள்ளப்பட்ட பின்னரே பிறிதொன்று நிறுவப்படுகின்றது. அவ்வாறு கொள்ளப்படுவன யாவும் ஒரு தன்மையன அல்ல. வாதம் தொடங்குமுன் இரு திறத்தாரும் ஒப்புக்கொண்டு, அல்லது ஒப்புக்கொண்டதாக எண்ணி, எடுத்துக்கொள்வது ஒன்று, அஃது எடுகோள். ஐயமற அறியப்பட்ட இரு செய்திகள் தம்முள் மாறுபடுவனபோலத் தோன்றுமிடத்து, அம்மாறுபாடு நீங்குதற்பொருட்டு வேறு வழியின்றிக் கொள்ளப்படுவது மற்றொன்று. அதனை அருத்தாபத்தி என்றனர் வடநூலார். முன்னது வாதத்தின் தொடக்கத்தில் நிற்பது. பின்னது வாதத்தின் பயனாக வந்தடைவது. இவ்விரண்டையும் ஒன்றாக மயங்குதலால் விளையும் பிழைகள் பல. ஏட்டுச் சுவடியில் மட்டுமன்றி, நீதிமன்றத்திலும், வரலாற்று நூலிலும், வன்னி மண்ணிலே இன்று நிகழும் வழக்குகளிலும் அப்பிழைகள் காணப்படுகின்றன. ஆதலின் இவற்றின் இயல்பை ஆராய்தல் வீண் பொழுதுபோக்கு அன்று.

சொல்லும் எடுத்துக்காட்டும்

அருத்தம் என்பது பொருள். ஆபத்தி என்பது வந்தெய்துதல். கூறப்பட்ட பொருளின் ஆற்றலால் கூறப்படாத பொருளொன்று தானே வந்தெய்துதல் அருத்தாபத்தி என்க. இதற்கு வடநூலார் காட்டும் எடுத்துக்காட்டுகள் இரண்டு பெரிதும் வழங்குவன. பருத்த உடலினனாகிய தேவதத்தன் பகலில் உண்பதில்லை என்பது ஒன்று. உண்ணாதவன் பருத்திருத்தல் கூடாது, அவனோ பருத்திருக்கின்றான், பகலில் உண்ணாமையும் உறுதி. ஆகவே அவன் இரவில் உண்கின்றான் எனக் கொள்ளாவிடின் இவ்விரு செய்திகளும் ஒருங்கு நில்லா. அவன் இரவில் உண்டதைக் கண்டவர் எவருமிலர். எனினும் அது கொள்ளப்படுகின்றது.

மற்றையது இதனினும் பழையது. மீமாஞ்சை நூலுக்குப் பேருரை கண்ட சபரர் இதனை எடுத்தாண்டார். தேவதத்தன் உயிரோடிருக்கின்றான் என்பது அறியப்பட்டது. அவன் வீட்டில் இல்லை என்பதும் காணப்பட்டது. உயிரோடிருப்பவன் எங்கேனும் இருத்தல் வேண்டும். வீட்டில் இல்லையாயின் வெளியே இருத்தல் வேண்டும். இங்கு வெளியே இருத்தல் என்பது கண்ணாற் காணப்பட்டதன்று. எவராலும் சொல்லப்பட்டதும் அன்று. உயிருண்மையும் வீட்டில் இன்மையும் ஒருங்கு பொருந்துதற்பொருட்டுக் கொள்ளப்பட்டதேயாம்.

இவ்விரு எடுத்துக்காட்டுகளையும் ஒப்புநோக்கின் அருத்தாபத்தியின் உறுப்புகள் நான்கெனப் புலப்படும். ஐயமற அறியப்பட்ட செய்தி ஒன்று. அதனோடு பொருந்தாததுபோல் தோன்றும் பிறிதொரு செய்தி. அவ்விரண்டும் உண்மையாதல் வேண்டும் என்னும் துணிபு. அப்பொருந்தாமையை நீக்குவதாய்க் கொள்ளப்படும் புதுப்பொருள். இவற்றுள் முதலிரண்டில் ஒன்று ஐயத்துக்கு இடமாயினும் நான்காவது நில்லாது. இதனை மனத்திற் கொள்ளுதல் இன்றியமையாதது.

அளவைகளின் தொகை

அறிவுக்கு வாயிலாவன எத்துணை என்பதில் இந்திய மெய்ந்நூலார் ஒருமித்திலர். உலகாயதர் காட்சி ஒன்றையே கொண்டனர். வைசேடிகரும் பௌத்தரும் காட்சியும் அனுமானமும் என இரண்டு கொண்டனர். சாங்கியர் அவற்றோடு ஆகமத்தைச் சேர்த்து மூன்றென்றனர். நையாயிகர் உவமையையும் கூட்டி நான்கென்றனர். மீமாஞ்சகருள் பிரபாகரர் வழியினர் அருத்தாபத்தியைச் சேர்த்து ஐந்தாக்கினர். குமாரிலபட்டர் வழியினரும் அத்துவித வேதாந்திகளும் இன்மையறிவாகிய அபாவத்தையும் ஏற்று ஆறென முடித்தனர்.

எனவே அருத்தாபத்தி தனி அளவையா, அனுமானத்துள் அடங்குவதா என்பது பெருவழக்காயிற்று. நையாயிகர் அதனை அனுமானத்துள் அடக்கினர். பத்தாம் பதினொராம் நூற்றாண்டை ஒட்டி விளங்கிய உதயணர் முதலியோர், எதிர்மறை உடனிகழ்ச்சி ஒன்றையே பற்றி எழும் அனுமானமாக இதனைக் காட்டினர். உண்ணாதவர் பருத்திரார், இவன் பருத்திருக்கின்றான், ஆகவே உண்கின்றான் என்பது அவர் கூறும் முறை.

குமாரிலபட்டர் இதனை மறுத்த முறை நுணுக்கமானது. அனுமானத்துக்கு ஏது வேண்டும். புகைக்குத் தீ எவ்வாறோ அவ்வாறு ஏது சாத்தியத்தோடு என்றும் உடனிகழ்தல் வேண்டும். வீட்டில் இன்மை வெளியே இருத்தலுக்கு ஏதுவாகுமோ எனின், ஆகாது. இறந்தவனும் வீட்டில் இல்லையன்றோ? உயிர் உண்மை என்பதைச் சேர்த்தாற்றான் ஏது நிறைவுறும். அங்ஙனம் சேர்க்குமிடத்து, உயிரோடிருப்பவன் வீட்டில் இல்லை என்னும் அறிவு பிறக்கும்போதே வெளியே இருத்தலும் உடன் கொள்ளப்பட்டுவிடுகின்றது. பின்னர் அனுமானம் செய்தற்கு எஞ்சியது யாதுமில்லை. இவ்வாதத்தில் வென்றவர் யாவர் என்பது இங்கு ஆராயப்படுவதன்று. ஆயின் குமாரிலபட்டர் வழியே வெளிப்பட்ட ஓருண்மை மறக்கற்பாலதன்று: வீட்டில் இன்மை என்பது தனித்து நின்று எதனையும் நிறுவாது, உயிருண்மை என்பதே அவ்வாதத்தின் முழுப் பாரத்தையும் தாங்குகின்றது.

பிரபாகரர் வழியினர் இதனை வேறொரு வகையாக நோக்கினர். வீட்டில் காணாதபோது உயிரோடிருத்தலே ஐயத்துக்குள்ளாகின்றது. அவ்வையம் நீங்குதற்கே வெளியே இருத்தல் கொள்ளப்படுகின்றது என்பது அவர் கருத்து. பட்டர் கொள்கையில் மாறுபாடு அறிவுகளுக்கிடையே எழுவது. பிரபாகரர் கொள்கையில் ஐயம் உள்ளத்தே எழுவது. முன்னதன் வழி செல்வோன் செய்திகளை ஒழுங்குபடுத்துகின்றான். பின்னதன் வழி செல்வோன் கலங்கிய நெஞ்சைத் தெளிவிக்கின்றான். வாழ்க்கையில் இவ்விரண்டும் வேண்டப்படுவனவே.

தமிழ் நூல்களில் அருத்தாபத்தி

இவ்வாராய்ச்சி வடமொழியோடு அமைந்துவிட்டதன்று. மணிமேகலையில், வஞ்சிமாநகரிலே சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதையில், வைதிக அளவைவாதி அளவை பத்தெனத் தொகுத்துரைக்கின்றான். வியாதர் பத்தும், கிருதகோடி எட்டும், சைமினி ஆறும் கொண்டனர் என்பதையும் அவன் கூறுகின்றான். அருத்தாபத்திக்கு அவன் காட்டும் எடுத்துக்காட்டு ஆயர்குடி ஒன்றைப் பற்றியது. அக்குடி கங்கையில் உள்ளது எனின், நீரின்மேல் குடியிருத்தல் கூடாமையின், கரையில் உள்ளது எனக் கொள்ளப்படும். இங்கு முரண் இரு நிகழ்ச்சிகளுக்கிடையே அன்றிச் சொல்லுக்கும் உலகியலுக்கும் இடையே எழுகின்றது என்பது நோக்கத்தக்கது. அதே காப்பியத்தில் பின்னர் அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்த அளவைநூலை உணர்த்துமிடத்து, அளவை இரண்டே என்றும் ஏனையவை அனுமானத்துள் அடங்கும் என்றும் கூறுகின்றார். ஒரு கட்சியும் அதன் மறுப்பும் ஒரு நூலகத்தே அமைந்திருத்தல், பண்டைத் தமிழர் வாதத்தை எவ்வாறு பேணினர் என்பதற்குச் சான்றாகும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியர் அருளிய சிவஞானசித்தியாரின் அளவை இயலும் இதனைக் கூறுகின்றது. காண்டல், கருதல், உரை, அபாவம், பொருள், ஒப்பு என ஆறும், ஒழிபு, உண்மை, ஐதிகம், இயல்பு என நான்கும் அங்கு எண்ணப்படுகின்றன. இவற்றுள் பொருள் என்றது அருத்தாபத்தியை. ஆசிரியர் இவையனைத்தும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என முடிக்கின்றார். ஆகவே சைவ சித்தாந்திக்கு அருத்தாபத்தி தனி அளவையன்று. எனினும் அதன் பயன்பாட்டை அவன் மறுப்பதில்லை. இலக்கண உரையாசிரியர்களோ இதனை நாள்தோறும் கையாண்டனர். ஒன்றனைக் கூறியதனால் கூறாத மற்றொன்று பெறப்படும் என அவர் எழுதுமிடமெல்லாம் இவ்வளவையே தொழிற்படுகின்றது.

வேறு வகையாற் பொருந்தாமை

அருத்தாபத்தியின் உயிர்நிலை வேறு வகையாற் பொருந்தாமை என்பதாம். கொள்ளப்படும் புதுப்பொருள் முரணை நீக்குகின்றது என்பது மட்டும் போதாது. அதனையன்றிப் பிறிதொன்றால் அம்முரண் நீங்காது என்பதும் வேண்டும். இவ்விரண்டனுள் முதலாவதைக் கண்டு, இரண்டாவதும் கண்டாயிற்றென எண்ணுதலே பெரும்பாலோர் இழைக்கும் பிழை.

கிளிநொச்சிப் பகுதியில் சில நாள்களாக மழையில்லை எனவும், இரணைமடுக் குளத்தின் நீர்மட்டம் உயர்ந்துள்ளது எனவும் கொள்க. மழையின்றி நீர் பெருகுதல் கூடாதாகலின், கனகராயன் ஆறு வருகின்ற தென்பகுதியாகிய வவுனியாப் பக்கத்தில் மழை பொழிந்தது எனக் கமக்காரர் துணிவர். பெரும்பாலும் அத்துணிபு சரியாகவே இருக்கும். ஆயினும் மேற்பகுதிக் குளமொன்றின் துருசு திறக்கப்பட்டிருத்தலும் கூடும். கட்டு உடைத்திருத்தலும் கூடும். இவை இல்லை என விலக்கிய பின்னரே மழை என்னும் துணிபு அருத்தாபத்தியாகும். அதுவரை அது கருதுகோள் என்னும் அளவினதே. கருதுகோள் தள்ளத்தக்கதன்று; ஆயின் அதனைத் துணிபென மொழிதல் தவறு.

மேலைநாட்டு வானநூல் இதற்குத் தெளிவான சான்றொன்று தருகின்றது. 1781ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட யுரேனசுக் கோள், நியூற்றனின் ஈர்ப்பு விதிப்படி கணித்த வழியிற் செல்லாது சிறிது விலகிச் சென்றது. விதியும் பிழையன்று, நோக்கிய நோக்கும் பிழையன்று எனின், காணப்படாத கோளொன்று அதனை ஈர்த்தல் வேண்டும். பிரான்சு நாட்டு லெவெரியே அக்கோள் நிற்கவேண்டிய இடத்தைக் கணித்தார். இங்கிலாந்தில் அடம்சும் அவ்வாறே தனித்து முயன்றார். 1846ஆம் ஆண்டு செத்தெம்பர் 23ஆம் நாள் இரவு பேர்லின் வானாய்வகத்தில் காலே என்பார், லெவெரியே குறித்த இடத்துக்கு ஏறக்குறைய ஒரு பாகையளவு அண்மையில் நெப்டியூன் கோளைக் கண்டார். தேவதத்தன் இரவில் உண்டதைக் கண்ணாற் கண்டது போன்றது அது.

அதே லெவெரியே 1859ஆம் ஆண்டில் புதன் கோளின் இயக்கத்திலும் அத்தகைய விலகல் உண்டெனக் காட்டி, ஞாயிற்றுக்கும் புதனுக்கும் இடையே காணப்படாத பொருள் உண்டென்றார். அக்கோளுக்கு வல்கன் என்னும் பெயரும் இடப்பட்டது. பல்லாண்டு தேடியும் அது கிடைத்திலது. 1915ஆம் ஆண்டு ஐன்சுரைன் தமது பொதுச் சார்புக் கொள்கையால் அவ்விலகலை விளக்கினார். அங்குக் குறையுடையதாயிருந்தது கோள்களின் தொகையன்று, நியூற்றனின் விதியே. வாதம் செய்தவரும் ஒருவர், முறையும் ஒன்று, அறிவுத்திறனும் ஒன்று. ஒன்று வென்றது, மற்றொன்று தோற்றது. தோற்றதன் காரணம், ஐயமற அறியப்பட்டதெனக் கொண்ட முதற் செய்தி உண்மையில் எடுகோளாக இருந்தமையேயாம்.

எடுகோளின் இயல்பு

இங்கு எடுகோளைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். கேத்திரகணிதம் பயிலும் மாணவர் வெளிப்படையுண்மைகளையும் எடுகோள்களையும் முன்வைத்தே தேற்றங்களை நிறுவக் கற்கின்றனர். கிறித்துவுக்கு முன் 300ஆம் ஆண்டளவில் யூக்கிளிட்டு ஐந்து எடுகோள்களை வகுத்தார். அவற்றுள் இணைகோடுகளைப் பற்றிய ஐந்தாவதை ஏனைய நான்கிலிருந்து நிறுவ ஈராயிரம் ஆண்டு முயன்றும் எவராலும் இயன்றிலது. 1829இல் உருசிய நாட்டு உலோபச்செவுசுக்கியும், 1832இல் அங்கேரி நாட்டுப் போல்யாயும் அவ்வெடுகோளை மறுத்தும் முரணற்ற கேத்திரகணிதம் அமைக்கலாம் எனக் காட்டினர். இதனால் ஐந்தாம் எடுகோள் பொய்யாயிற்று என்பதன்று. அது கொள்ளப்பட்டது, நிறுவப்பட்டதன்று என்பது தெளிவாயிற்று. எடுகோள் கொள்ளுதல் குற்றமன்று. எடுகோளை எடுகோளென அறியாமையே குற்றம்.

யூக்கிளிட்டின் சிறப்பு தம் எடுகோள்களை வெளிப்படையாக எழுதிவைத்தமையாகும். நாள்வழக்கில் வாதம் புரிவோர் அவ்வாறு எழுதுவதில்லை. அவர்தம் எடுகோள்கள் வாக்கியங்களுக்கிடையே மறைந்து நிற்கின்றன. மறைந்து நிற்றலாற் கேட்பாரால் ஆராயப்படாமலும் போகின்றன.

வன்னி வரலாற்றிலிருந்து சான்றுகள் காட்டலாம். ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் நடப்பட்ட கல்லொன்று, அப்பகுதியில் 1803ஆம் ஆண்டு ஒற்றோபர் 31ஆம் நாள் கப்டன் வொன் திரிபேக்கு பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான் என ஆங்கிலத்தில் அறிவித்தது. அவ்வாண்டு ஓகத்து மாதத்தில் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றிய வன்னியன், அந்நாளில் களத்தில் வீழ்ந்து இறந்தான் எனப் பலர் எழுதினர். அவன் அதன் பின்னரும் வாழ்ந்து 1811இல் இறந்தான் எனக் கொள்வாரும் உளர். இவற்றுள் எது சரியென்பது ஆவணங்களால் முடிவு செய்யப்படவேண்டியது. ஆயின் கல்லிலிருந்து இறப்பைப் பெறலாகாது என்பது அளவைநூலாலேயே விளங்கும். தோற்றல் வேறு, இறத்தல் வேறு. தோற்றவன் தப்பிச் சென்றான் எனக் கொண்டாலும் கல்லின் செய்தி பழுதுறுவதில்லை. முரண் இல்லாவிடத்து அருத்தாபத்திக்கு இடமில்லை. வீரன் தோற்றானாயின் உயிர் தரியான் என்னும் எடுகோள் ஒன்று அன்புள்ளத்தில் மறைந்திருந்து, கல் சொல்லாததைச் சொன்னதாக்கிற்று.

இதனினும் பெருவிளைவுடைய வழக்கொன்று உண்டு. வன்னிக் காடுகளில் பழைய பௌத்த எச்சங்கள் பல உள. முல்லைத்தீவு மாவட்டத்துக் குருந்தூர்மலை முதலிய இடங்களைப் பற்றிய வழக்குகள் அண்மை ஆண்டுகளில் நீதிமன்றம் வரை சென்றன. பௌத்த எச்சம் உளது. ஆகவே அங்கு வாழ்ந்தோர் சிங்களவர். ஆகவே அந்நிலம் அவர் வழியினர்க்கு உரியது எனச் சிலர் வாதிப்பர். இவ்வாதம் அருத்தாபத்தி போலத் தோன்றும். பௌத்தம் இருந்தமைக்குச் சிங்களவர் இருந்தாலன்றி வேறு வழியில்லை என்பது அதன் மறைந்த எடுகோள். மணிமேகலை என்னும் பௌத்தக் காப்பியம் தமிழில் உண்டென்பதே அதனை ஐயத்துக்குள்ளாக்கும். வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளத்திலுள்ள பிராமிக் கல்வெட்டு அதனை முற்றும் தகர்க்கும். கிறித்துவுக்கு முற்பட்ட காலத்ததாகிய அக்கல்வெட்டு, பரணவிதானர் 1970இல் வெளியிட்ட தொகுதியில் இடம்பெற்றது. தமிழ் வணிகனும் இல்லறத்தானுமாகிய விசாகன் என்பான் குகையொன்றை உறையுளாக அளித்த செய்தியை அது கூறுகின்றது. திருகோணமலைப் பகுதியில் வெல்கம் விகாரை சோழர் காலத்தில் இராசராசப்பெரும்பள்ளி எனப் பெயர்பெற்றதும், தமிழ்க் கல்வெட்டுகளைத் தாங்கிநிற்பதும் அறிஞர் அறிந்தனவே.

இவ்விடத்து நடுவுநிலை வேண்டும். பெரியபுளியங்குளக் கல்வெட்டைக் காட்டி, அக்காலத்து வன்னி முழுவதும் இன்றுள்ளது போன்ற தமிழ்ச் சைவ நாடாக இருந்தது என வாதிப்பாரும் உளராயின், அவர் வாதமும் அதே குறையுடையது. கல்வெட்டின் மொழி பிராகிருதம், கொடை பெற்றோர் பௌத்தத் துறவிகள், கொடுத்தவன் தமிழன். மொழியும் சமயமும் இனமும் என்றும் ஒருங்கு செல்லும் என்னும் எடுகோளையே அக்கல் மறுக்கின்றது. எதிர்த்தரப்பின் எடுகோளை உடைத்த கல், தன்தரப்பின் எடுகோளையும் உடைக்கும் என்பதை ஒப்புதல் அறிவுடையார் கடன். மேலும், ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட எச்சம் ஒன்றன் உரிமை, இன்று அந்நிலத்தை உழுது வாழ்வோரின் உரிமையை அழிக்கும் என்பது வேறோர் எடுகோள். அது வரலாற்றால் நிறுவப்படுவதன்று. அறத்தாலும் சட்டத்தாலும் ஆராயப்படவேண்டியது.

வீட்டில் இல்லாத தேவதத்தன்

சபரர் காட்டிய தேவதத்தன் ஏடுகளில் மட்டும் இருப்பவன் அல்லன். 2009ஆம் ஆண்டு மே மாதம் போர் முடிவுற்ற காலத்திலும் அதற்கு முன்னும் காணாமற்போனோரின் குடும்பத்தார் வன்னியெங்கும் உள்ளனர். 2017ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றிலில் அவர்கள் தொடர் போராட்டம் தொடங்கினர். சில நாள்களுள் வவுனியாவிலும், பின்னர் முல்லைத்தீவிலும் அது தொடங்கிற்று. விடையறியாமலே இறந்த தாயரும் தந்தையரும் பலர். அவர்தம் வாதம் சபரர் கூறிய வாதமே: மகன் உயிரோடு சென்றான், வீட்டில் இல்லை, ஆகவே எங்கோ இருக்கின்றான்.

இவ்வாதத்தைக் கேட்போர் இரு வகையினர். தாயின் அன்பு கூறுவதாதலின் ஆராய்தற்குரியதன்று என ஒதுக்குவோர் ஒரு சாரார். ஆண்டு பல கழிந்தமையின் இறந்தான் எனக் கொள்க என அறிவுறுத்துவோர் மற்றொரு சாரார். இருவரும் வாதத்தின் அமைப்பை நோக்கினாரல்லர். குமாரிலபட்டர் காட்டியவாறு, வீட்டில் இன்மை ஒன்றால் வெளியே இருத்தல் நிறுவப்படாது. உயிருண்மை தனியே அறியப்படல் வேண்டும். அவ்வாறே, வீட்டில் இன்மை ஒன்றால் இறப்பும் நிறுவப்படாது என்பதை இரண்டாம் சாரார் மறந்தனர். இறந்தான் என்பதும் ஒரு துணிபே. அதற்கும் அளவை வேண்டும். காலம் கழிதல் என்பது ஐயத்தை வளர்க்கும், ஐயம் அளவையாகாது.

சட்டம் இந்நிலையை எவ்வாறு கையாளுகின்றது என்பது நோக்கத்தக்கது. 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டம், முப்பது ஆண்டுக்குள் உயிரோடிருந்தமை அறியப்பட்ட ஒருவர் இறந்தார் என்போர் அதனை நிறுவுக என்கின்றது. அவரைப் பற்றி இயல்பாகச் செய்தி அறியவேண்டியவர்கள் குறித்த காலம் எதனையும் அறிந்திலராயின், உயிரோடுள்ளார் என்போரே நிறுவுக எனப் பொறுப்பை மாற்றுகின்றது. இது துணிபன்று, வழக்கு முடிதற்பொருட்டுச் சட்டம் மேற்கொண்ட எடுகோள். 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இறப்புகள் பதிவுச் சட்டம் காணாமற்போனோர்க்கு இறப்புச் சான்றிதழ் வழங்க வழி செய்தது. அதனைப் பெறப் பலர் மறுத்தனர். சொத்து, உதவிப்பணம் ஆகியவை பெறுதற்கு வசதியாயிருந்தும் மறுத்தனர். நிறுவப்படாததை நிறுவப்பட்டதென ஒப்பமிட அவர் உள்ளம் இசையவில்லை. 2016ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், ஆள் காணப்படவில்லை என்பதற்கான சான்றிதழ் வழங்க இடமளித்தது. இறந்தார் எனவும் சொல்லாது, உள்ளார் எனவும் சொல்லாது, அறியப்பட்ட அளவே கூறுவது அச்சான்றிதழ். அளவைநூல் நோக்கில் இரண்டாவதே செம்மையுடையது. அது எடுகோளைத் துணிபெனக் காட்டவில்லை. அவ்வாண்டிலேயே 14ஆம் இலக்கச் சட்டத்தால் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகமும் அமைக்கப்பட்டது.

ஆயினும் குடும்பத்தாரின் வாதத்தில் இவற்றைக் கடந்ததொரு கூறு உண்டு. அவருட் பலர், தம் மகன் காணாமற்போனான் என்று மட்டும் கூறுவதில்லை. இன்ன நாளில், இன்ன இடத்தில், படையினரிடம் தம் கையாலேயே ஒப்படைத்தோம் என்கின்றனர். அத்தகையோர் சிலரின் ஆட்கொணர்வு மனுக்கள் 2013ஆம் ஆண்டு வவுனியா மேல் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்டன. ஒப்படைத்தமை சான்றுகளால் உறுதிப்படுமாயின், அதனின்று வந்தெய்தும் பொருள் யாது? உயிரோடு உள்ளான் என்பது உறுதியாக வந்தெய்தாது. இறந்தான் என்பதும் வந்தெய்தாது. உயிரோடு பெறப்பட்டான், திரும்பி வந்திலன் என்னும் இரண்டும் ஒருங்கு பொருந்துதற்குப் பின்னர் நிகழ்ந்தது ஒன்று இருத்தல் வேண்டும். இருந்தாலும் இறந்தாலும் தப்பினாலும் அந்நிகழ்ச்சி அவனைப் பெற்றவர் காவலில் இருந்தபோது தொடங்கியது. ஆகவே அறிந்தவர் உளர் என்பதே வேறு வகையாற் பொருந்தாமையால் வந்தெய்தும் துணிபு. மகன் உள்ளான் என்பதில் ஐயுறுவோரும் இத்துணிபில் ஐயுறுதல் அரிது. ஒருவருடைய தனியறிவுக்கு உட்பட்ட செய்தியை நிறுவும் பொறுப்பு அவரையே சாரும் எனச் சான்றுக் கட்டளைச் சட்டம் கூறுவதும் இக்கருத்தோடு இயைவதே. கோயில் முன்றிலில் அமர்ந்த தாய் எழுப்பிய கேள்வி அன்பின் கேள்வியாதலோடு அளவைநூலுக்கு இசைந்த கேள்வியுமாகும்.

முடிபு

மேற்கூறியவற்றால் பெறப்படுவன சில. எவ்வாதத்தைக் கேட்பினும் அதன் தொடக்கத்தில் நிற்கும் எடுகோள் யாதெனத் தேடுதல் வேண்டும். சொல்லப்படாதது இருப்பின் அதனைச் சொல்வித்தல் வேண்டும். அடுத்து, ஐயமற அறியப்பட்டன என வைக்கப்பட்ட செய்திகள் உண்மையில் அவ்வாறு அறியப்பட்டனவா, அவற்றிடையே முரண் உண்மையில் உளதா என நோக்குதல் வேண்டும். பின்னர், கொள்ளப்பட்ட பொருளையன்றிப் பிறிதொன்றால் அம்முரண் நீங்காதா என வினாவுதல் வேண்டும். இறுதியாக, இம்மூன்று வினாக்களையும் எதிரியின் வாதத்தில் எழுப்பிய அதே கடுமையோடு தன் வாதத்திலும் எழுப்புதல் வேண்டும். கற்றார் பலரும் தவறுவது இவ்விறுதியிலேயாம்.

ஆவணங்கள் பல போரில் அழிந்த நிலத்தில், உறுதிகளும் பதிவேடுகளும் இடப்பெயர்வில் தொலைந்த நிலத்தில், மக்கள் தம் உரிமைகளைப் பெரும்பாலும் வாதத்தாலேயே நிறுவவேண்டியுள்ளது. கிணற்றைக் காட்டி வீட்டையும், தென்னையைக் காட்டி வளவையும், நினைவைக் காட்டி எல்லையையும் நிறுவ முயல்வோர்க்கு, எது காணப்பட்டது, எது கொள்ளப்பட்டது, எது வந்தெய்தியது என்னும் வேறுபாடு தெரிதல் பெருந்துணையாகும். அவ்வேறுபாட்டை இளமையிலேயே கற்பித்தல் பாடசாலைகளின் பணி. பழைய அளவைநூல்கள் அதற்கு இன்றும் பயன்படுவன.